நூற்றைந்தா, இருநூறா

2025 ஜூலை 1, செவ்வாய்

நான் என்னத்தைப் படம் எடுக்கப் போகிறேன்?

இன்று மத்தியானம் இன்ஸாப் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. இன்ஸாப், எங்கள் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஆதிலாவின் தம்பி. புறக்கோட்டையில் ஒரு மாடியில் பாவித்த கமராக்கள் விற்கிறான். "நீங்க என்னத்த எடுக்கப் போறீங்க? அத செல்லுங்க மிஸ், லென்ஸ நான் செல்றன்" என்றான். எல்லாம் என்றேன். எல்லாத்துக்கும் ஒரு லென்ஸ் இல்லை என்றான். ஒரு வியாபாரி இவ்வளவு உண்மை பேசியது எனக்குச் சந்தேகத்தைத்தான் தந்தது.

கமரா, வெளிநாட்டில் ஸ்காபறோவில் இருக்கும் என் தம்பி சயந்தன் ஆள் மூலம் அனுப்பியது. மிரர்லெஸ். அவன் புதியது வாங்கியதால் பழையது எனக்கு. லென்ஸ் இல்லாமல் வந்தது. "அதை உன்ர விருப்பத்துக்கு வாங்கு" என்றான். ஏப்ரலிலிருந்து அலுமாரியில் துவாய்களுக்கு நடுவே இருக்கிறது, வாயைத் திறந்தபடி. மூடி போட்டிருக்கிறேன்தான், ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 3, வியாழன்

நடந்து திரியும்போது கழற்றாமல் மாட்டி வைத்திருக்கக்கூடிய ஒரேயொரு சூம் லென்ஸ். வேண்டியது அவ்வளவுதான். இணையத்தில் இதைப் பற்றி ஆண்கள் எழுதியிருப்பதை வாசித்தால் ஏதோ சாதிச் சண்டை போலிருக்கிறது.

இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று 24இலிருந்து 105 வரை. மற்றது 28இலிருந்து 200 வரை. எண் சிறிதானால் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தில் உள்ளதைக் கிட்டக் கொண்டுவரும். அப்படியானால் 200 என்றுதானே எவரும் நினைப்பார்கள்? பாரமும் குறைவு. ஆனால் மூலைகள் மங்கும் என்கிறார்கள். 105 பாரம், ஆனால் மூலைவரை கூர்மையாம். யார் அளந்தார்கள், எந்த வெளிச்சத்தில், எத்தனை லென்ஸ்களை வைத்து? ஒருவரும் சொல்வதில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியை மட்டும் சோதித்துவிட்டு மிளகாய்த் தூளுக்குச் சான்றிதழ் கொடுத்தால் வேலை போய்விடும்.

ஆதிலா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு விசாரிச்சா ஒரு மாப்புளயும் தேறமாட்டான் மிஸ்" என்றாள். அது தெரிந்துதானே விசாரிக்கிறேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 5, சனி

அரை நாள் வேலை. ஆய்வுகூடம் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே இன்ஸாப்பின் கடைக்குப் போனேன். இரண்டையும் ஒரு கிழமைக்குத் தந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டையும்.

105ஐ மாட்டிக்கொண்டு ஜிந்துப்பிட்டிப் பக்கம் நடந்தேன். எனக்கு இந்த நகரத்தில் சும்மா நடந்து பழக்கமில்லை. பல்கலைக்கழகக் காலத்திலிருந்து எங்கே போகிறாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும், காட்ட அடையாள அட்டையும் இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. யுத்தம் முடிந்துவிட்டது, இப்போது சோதனைச் சாவடியில் யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் கோயில் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவரைக் கண்டதும் மனம் தானாகவே ஒரு பதிலைத் தயாரித்தது: லென்ஸ் சோதிக்கிறேன். பரவாயில்லை, உண்மையான பதில்.

சந்துபோன்ற ஒரு ஒழுங்கையின் வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "எங்கள எடுத்துராதீங்க, செவுத்த எடுங்க" என்றாள். சுவரை எடுத்தேன். நல்ல சுவர். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படங்களும் சுவர், சன்னல், மின்கம்பி, கோபுரத்தின் நிழல். ஒரு மனிதர் இல்லை.

எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ராஜி அக்கா. இரண்டு பேரும் எண்கள் மாறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தோம். அவரவர் கதவை அவரவர் திறந்தோம்.

இதை எழுதத்தான் வேண்டுமா? சரி. ராஜராஜேஸ்வரி அக்கா என் எதிர் வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியே இருக்கிறார். அவருடைய மாற்றுச் சாவி என்னிடமும் என்னுடையது அவரிடமும் இருந்த காலம் உண்டு. ஞாயிறு காலை அவர் வீட்டுக் கோப்பி, என் வீட்டுப் பத்திரிகை. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகளின் கல்யாணப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டியெடுத்து ஒரு தரகரிடம் கொடுத்தார். லண்டனில் மனைவியை இழந்த ஒருவருக்காக. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என் முகம் அங்கே யாரோ சகோதரிமாரின் கைபேசிகளில் சுற்றி, 'வயது தெரியுது' என்ற தீர்ப்போடு திரும்பி வந்தபோதுதான் எனக்கே தெரியும்.

"என்ர படத்தை என்னட்டக் கேக்காமல் குடுக்க நீங்கள் ஆர்?" என்று கேட்டேன்.

"ஒருத்தியும் இல்லைத்தான்" என்றார். கதவைச் சாத்தினார். அவரிடமிருந்த என் சாவி மறுநாள் என் கதவடியில் இருந்தது.

ஞாயிற்றுப் பத்திரிகையைத் தனியே வாசிப்பது பழகிவிட்டது என்று எழுத வந்தேன். பழகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்று 200. கடலோரமாக மரைன் டிரைவில், எங்கள் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை. கையில் பாரமே இல்லை. தூரத்துக் கப்பலின் விலாவில் துரு வழிந்திருப்பது தெரிகிறது. பாறையில் ஒரு குடைக்குள் இரண்டு பேர், குடையின் கீழ் நாலு கால். அவர்களைக் கண்டதும் கமராவைத் தாழ்த்திவிட்டேன். அவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. அதனால்தான் தாழ்த்தினேன்.

வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலைகள்? சோதித்துத்தான் ஆக வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

இணையத்து ஆண்கள் செங்கல் சுவரை எடுத்துச் சோதிக்கிறார்கள். எனக்கு இன்னும் நல்லது கிடைத்துவிட்டது: நேற்றைய பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, முகங்கள், கட்டங்கள், நாலு மூலைவரை அச்சு. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள் இருக்கும் நாடுகள் எல்லாம் கடுகெழுத்தில். இதைவிடக் கடினமான பரீட்சைத் தாள் ஒரு லென்ஸுக்குக் கிடையாது.

வெளிச்சம் சமமாக விழுவது என் கதவுக்குப் பக்கத்துப் பொது நடைச் சுவரில்தான். அங்கே பக்கத்தை ஒட்டினேன். எங்கே குவிக்க வேண்டும் என்பதற்காக நடுவில் ஒன்றும் மூலைகளில் நாலுமாகச் சிவப்புப் பென்சிலால் வட்டம். காலை ஏழு மணி வெளிச்சத்தில் 105 முடிந்தது. அதே நேரம், அதே தூரம், அதே வெளிச்சத்தில் நாளை 200. ஆகவே தாளைத் தொடாமல் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

முகில். வெளிச்சம் நேற்றுப் போல் இல்லை. ஒத்திவைப்பு.

இன்று கட்டிடத்தில் ஒரு வித்தியாசமான அமைதி. இரண்டாம் மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோட் இசை வகுப்பு நடக்கவில்லை. காவலுக்கு இருக்கும் பௌஸி நான் வரும்போது எழுந்து நின்று, "மிஸ், ஏதும் தேவண்டா செல்லுங்க, நான் கீழதான் ஈக்கிறன்" என்றார். இந்த மனிதர் வழக்கமாக வணக்கத்துக்குத் தலைகூட ஆட்டமாட்டார். என்ன வேண்டியிருக்கிறது இவருக்கு என்று யோசித்துக்கொண்டே மேலே வந்தேன். நடை சுத்தமாகக் கூட்டப்பட்டிருந்தது.

ஜூலை 9, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வெளிச்சம் சரி. 200 எடுத்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தாளைக் கழற்றவில்லை. பின்னேரம் வந்து கணினியில் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுப்பட்டது.

ராஜி அக்கா. வெளிறிய நூல் சேலை, ஒரு கையில் பிளாஸ்க், மற்றக் கையில் இடியப்பப் பார்சல். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு. சாமான்களைக் கீழே வைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாந்தானே பிள்ளை. கதவைத் தட்ட உமக்கு அவ்வளவு கஷ்டமோ?" அவருடைய கண் நிறைந்திருந்தது. "சயந்தனோ?"

சயந்தனுக்கு என்ன என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஒரு கணம் அவனுக்கு ஏதோ நடந்து, எனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ என்று பயந்தேன். அவர் வெளியே நடைச் சுவரைக் காட்டினார்.

அப்போதுதான் விளங்கியது. மரண அறிவித்தலைச் சுவரில் ஒட்டி, சிவப்பு வட்டமும் போட்டு வைத்திருந்தால் என்ன நினைப்பார்கள்? துக்க வீட்டுச் சுவரடியில் நின்று எவரும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. தாளைக் காண்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். கீபோட். பௌஸி. கூட்டின நடை. திங்கட்கிழமையிலிருந்து இந்தக் கட்டிடம் என் வீட்டுக்காகத் துக்கம் அனுசரிக்கிறது.

சொன்னேன். லென்ஸ், மூலை, கூர்மை என்று ஏதோ சொன்னேன். அவர் கையை விட்டார். கணினித் திரையைப் பார்த்தார். யாரோ ஒரு காலஞ்சென்ற தபாலதிபர், ஒரு முழம் உயரத்தில்.

"செத்த சனத்தை வச்சோ சோதிக்கிறனீர்?"

"எழுத்துச் சின்னனாய் இருந்தபடியால்..."

அவர் கதிரையில் இருந்தார். திங்கட்கிழமை பின்னேரமே தாளைக் கண்டதாகவும், போவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்ததாகவும், சிட்னியில் இருக்கும் மகளுக்கு எடுத்துக் கேட்டதாகவும் சொன்னார். எல்லாம் மெதுவான குரலில். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகவேணும் எண்டு வந்தனான். இப்ப கெட்டதும் இல்லையெண்டால் நான் என்னத்துக்கு வந்தனான்?"

கணினித் திரையை அணைத்தேன்.

எழுந்தார். பிளாஸ்கையும் பார்சலையும் எடுத்தார். வைத்துவிட்டுப் போங்கள், நான் சாப்பிடுகிறேன் என்றேன். உண்மையில் பசி, அதோடு அவர் கையால் அவித்த இடியப்பம்.

"செத்த வீட்டுக்கெண்டு அவிச்சதைச் செத்த வீடு இல்லாத வீட்டில வைக்கக்கூடாது."

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை அக்கா."

"நீர் நம்பாட்டிலும் நான் நம்புறன். சயந்தன் உயிரோட இருக்கிற பிள்ளை."

போனார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்வதில்லைதான். துக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும் பழக்கத்தில் விட்டாரா, அல்லது இனி வருவதாக இல்லையா?

அவருடைய கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. தன் வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டுபோக முடியாது போலும். பல்கனிக்குப் போனேன். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மரைன் டிரைவும் தண்டவாளமும் ஒரு துண்டுக் கடலும் தெரியும். ராஜி அக்கா வீதியைக் கடந்து அந்தப் பக்கத்து நடைபாதையில் நின்று பார்சலைப் பிரித்தார். இடியப்பத்தைப் பிய்த்துக் காகங்களுக்கு எறிந்தார்.

கமரா கையில் இருந்தது. 200 மாட்டியிருந்தது. எடுத்தேன்.

ஜூலை 10, வியாழன் (போயா, பௌர்ணமி தினம்)

விடுமுறை. முதல் வேலையாகத் தாளைக் கழற்றினேன். கட்டிடத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். கும்பிடும் கைகள் சில வந்தன. பதினைந்து நிமிடத்தில் கீபோட் தொடங்கிவிட்டது. பௌஸி, "ஒருத்தரும் மௌத்தாகல்லண்டா சந்தோசந்தானே மிஸ்" என்றார். என்றாலும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

சோதனை முடிவு: 200இல் மூலைகள் மங்கல்தான், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். 105இல் தெளிவு. இரண்டு நாள், ஒரே வெளிச்சம். அவ்வளவு கூத்துக்கும் கிடைத்தது இவ்வளவுதான். வாங்குவதற்கு இது போதாது. எதையும் நான் மூலையோரத்தில் வைத்து எடுக்கப் போவதில்லை.

பிறகு நேற்றுப் பின்னேரத்துப் படம்.

முதுகு. சேலைத் தலைப்பு காற்றில் ஒரு பக்கம். வலது கை எறிந்து முடித்த நிலையில், இடியப்பச் சிலும்பல்கள் அந்தரத்தில். காகங்கள் இன்னும் பறக்கத் தொடங்கவில்லை. அவற்றுக்கு அப்பால் சாம்பல் கடல். மூன்று வருடக் கோபமும் நேற்றைய வெட்கமும் இரண்டு நாள் யோசனையும் அந்த முதுகில் இருந்தன, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. மூலைகள் எப்படியிருக்கின்றன என்று பார்க்க நினைவே வரவில்லை.

என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் இது.

கேட்காமல் எடுத்தது.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றினேன். குடிக்கவில்லை. அவர் என் படத்தைக் கொடுத்தார், நான் எடுக்க மட்டும்தான் செய்தேன் — இது ஒரு வித்தியாசமா? அவர் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த என்னைக் கொடுத்தார். நான் அவரை எந்த நேரத்தில் எடுத்தேன்?

ஜூலை 11, வெள்ளி

சயந்தனோடு கதைத்தேன். தான் செத்த கதையைக் கேட்டு அவனுக்கு ஒரே சிரிப்பு. படத்தைப் பற்றிச் சொன்னதும், அனுப்பு பாப்பம் என்றான். அனுப்பவில்லை. அனுப்பினால் நானும் தரகரிடம் கொடுத்த மாதிரித்தான்.

அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ராஜி அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அது அவருடைய முதுகு. இருப்பதா போவதா என்று நானே தனியே தீர்மானித்தால், அதுவும் கேட்காமல் செய்த ஒன்றுதானே.

நாளை இன்ஸாப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன். திறக்கமாட்டார். திறந்தாலும் படத்தைக் கண்டதும் முடிந்துவிடும், இம்முறை நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை என்றாகிவிடும். தொண்ணூறு வீதம் அப்படித்தான் நடக்கும்.

ஜூலை 12, சனி

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு காலையில் தட்டினேன். கமரா கையில்.

சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார்.

"ஆர் செத்தது?"

ஒருவரும் இல்லை என்றேன். உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும் என்றேன். சங்கிலியை எடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். கமராவின் சின்னத் திரையில் படத்தை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புதன்கிழமையோ?"

"ஓம்."

"கேக்கேல்லை."

"இல்லை. கேக்கேல்லை."

அவருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும், லண்டன்காரர் முதற்கொண்டு. ஒன்றையும் எடுக்கவில்லை. திரையை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ர முதுகு இவ்வளவு வளைஞ்சிட்டுதோ?"

"குனிஞ்சு எறியிறீங்கள்."

"நல்லாத்தான் எடுத்திருக்கிறீர்." கமராவை என்னிடம் தந்தார். "அழிச்சுவிடும்."

அழித்தேன். அவருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு அழித்தேன். கணினியில் இருந்ததையும் போய் அழித்துவிட்டு வந்து சொன்னேன். வேறு பிரதி இல்லை.

அவர் இன்னும் வாசலில் நின்றார்.

"இப்பக் கேளும்."

"என்னத்தை?"

"என்னத்தையோ. படிச்சனீர்தானே."

கேட்டேன். எடுக்கட்டோ அக்கா என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தலை வாரி இழுக்கேல்லை. பின்னேரம் வாரும்."

பின்னேரம் போனேன். நீலச் சேலை, பவுடர், புதிதாய் வைத்த பொட்டு. கட்டாயம் மகளுக்கு அனுப்ப வேண்டும், முழுச் சோபாவும் தெரிய வேண்டும், அது அவள் வாங்கித் தந்தது என்றார். கமராவில் 200தான் மாட்டியிருந்தது. 28இல் வைத்துப் பார்த்தால் சோபாவின் ஒரு கை வெட்டுப்பட்டது. பின்னுக்குப் போனேன். அலுமாரி முதுகில் முட்டியது. கதிரையை நகர்த்தினேன், அப்போதும் போதவில்லை. நடையைத் தாண்டிப் போய் 105ஐ எடுத்துவந்து மாட்டி 24இல் வைத்தேன். சோபா முழுவதும் வந்தது, நடுவில் ராஜி அக்காவும்.

எடுத்த ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். பல்லுத் தெரியுது, இன்னொண்டு. கழுத்துச் சுருங்குது, இன்னொண்டு. ஒன்றுகூடக் கடலோரத்துப் படத்துக்குக் கிட்ட வராது. அதை அவரும் அறிவார் என்று நினைக்கிறேன். கோப்பி போட்டார்.

இன்ஸாப்புக்கு 105ஐ வைத்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பினேன். மற்றதற்கு என்ன குறை என்று ராஜி அக்கா கேட்டார். ஒரு குறையும் இல்லை, உங்கட ஹோலுக்குள்ள பின்னுக்குப் போக இடமில்லை என்றேன்.

"அப்ப முன்னுக்கு வாரும்" என்றார். "கோப்பி ஆறுது."

சோபாவில் தனக்குப் பக்கத்திலிருந்த பத்திரிகைகளைத் தூக்கிக் கீழே வைத்தார்.